கறுப்புப் போர்வையின் பெயர்

நெடுந்தீவிற் காணிக்கு எல்லை வகுப்பது கல்வேலி. சாந்து எதுவுமின்றிக் கல்மேற் கல்லாக அடுக்கி எழுப்பிய அவ்வேலிகள் கடற்காற்றைத் தாங்கித் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. அக்கற்களுள் ஒன்றைக் கையிலெடுத்துக் கூர்ந்து நோக்குவோர், அதன் மேனியெங்கும் சிறு குழிகள் நெருங்கியிருக்கக் காண்பர். குழிக்குள் விண்மீனின் கதிர்கள் போன்ற மெல்லிய தகடுகள் அமைந்திருக்கும். வடபுலத்தார் முருகைக்கல் என்று வழங்குவது இதனையே. யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் இக்கல் உண்டு; சூளைகளில் வெந்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பானதும் இக்கல்லே. குழி ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு சிற்றுயிர் குடியிருந்த வீடு.

உயிருள்ள முருகை கடலடியில் வேறு தோற்றத்தினது. கல்லின்மேல் மெல்லிய தசைப் படலமொன்று போர்த்திருக்கும். அப்படலத்தினுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து, ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதில் ஒரு பங்கைத் தம்மை வைத்துக் காக்கும் முருகைக்கு அளிக்கின்றன. ஆகவே முருகைக்கு வெயில் வேண்டும். தெளிந்த நீர் வேண்டும். அதன் மேனியை மூடும் எதுவும் அதற்குக் கூற்றாகும். இங்ஙனம் மூடிக் கொல்லும் ஓர் உயிர், கரிய துணியொன்றை விரித்தாற்போலப் பசிபிக் சமுத்திரத்தின் முருகைக் கற்களிற் படர்ந்ததும், அது இன்னதென்று துணிவதற்கு அறிஞர்க்கு இருபது ஆண்டுகள் சென்றதும், ஈற்றில் அது பாக்குக்குடாவிலும் காணப்பட்டதுமே ஈண்டு சொல்லப்புகும் வரலாறு. அவ்வுயிர் ஒரு கடற்பஞ்சு.

கடற்பஞ்சு விலங்கா, தாவரமா என்னும் ஐயம் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், பறிக்க முனைவோரை உணர்ந்து பஞ்சு சுருங்கும் என்று கடலோரத்து மக்கள் கூறுவதைக் குறித்துவைத்து, அதற்கு உணர்ச்சி உண்டு என்னும் கருத்தை ஆராய்ந்தார். அவருக்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளாக இவ்வழக்கு முடிவுபெறவில்லை. உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயரிட்ட சுவீடன் நாட்டு லின்னேயசு முதலில் இதனைத் தாவரங்களோடு சேர்த்து, பின்னர் மனமாறி விலங்குகளோடு வைத்தார். 1765 இல் ஜோன் எலிஸ் என்னும் ஆங்கிலேயர், பஞ்சின் துளைகள் வழியே நீர் போக்குவரத்துச் செய்வதைக் கண்டு எழுதினார்.

வழக்கைத் தீர்த்தவர் எடின்பரோ நகரத்து றொபேட் கிராண்ட். ஃபோர்த் கழிமுகத்தின் கரையிற் பொறுக்கிய பஞ்சுத் துண்டொன்றை 1825 ஆம் ஆண்டளவில் அவர் கடல்நீருடன் சிறு கண்ணாடிக் கிண்ணத்திலிட்டு நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தார். பஞ்சின் பெரிய துளையொன்றிலிருந்து நீர் ஊற்றுப்போலப் பீறிட்டு வெளிவந்தது. அதனோடு கழிவுத் துணுக்குகளும் வந்தவண்ணமிருந்தன. நுண்டுளைகள் வழியே நீர் உட்புகுந்து, உணவைக் கொடுத்து, பெருந்துளை வழியே வெளியேறுகிறது என்று அவர் நிறுவினார். உடல் முழுவதும் வாயாக உண்ணும் விலங்கு இது. துளைகளைத் தாங்குவது என்று பொருள்படும் பொரிபெரா என்னும் இலத்தீன் பெயர் அவர் அளித்ததே. அந்நாளில் அவரோடு கடற்கரையிற் சுற்றித் திரிந்த இளம் மாணவர் ஒருவர் இருந்தார். சாள்ஸ் டார்வின் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் அவரே.

விலங்கு என்று துணிந்தாயிற்று. எந்த விலங்கு என்று கூறுவது எவ்வாறு? இங்கேதான் கடற்பஞ்சு அறிஞரை வாட்டி எடுத்தது. மீனுக்குச் செதிலும் செட்டையும் உண்டு. பறவைக்கு அலகும் இறகும் உண்டு. பஞ்சுக்கோ கண்ணில்லை, காலில்லை, நிலையான உருவுமில்லை. ஒரே இனம் அலையடிக்கும் பாறையில் தட்டையாகப் படர்ந்தும், அமைதியான நீரிற் கிளைவிட்டும் வளரும். நிறமோ மதுசாரப் போத்தலில் இட்ட சில நாள்களில் மறைந்துபோகும். இவற்றை நம்பிப் பெயரிட்ட முன்னோர் ஓரினத்துக்குப் பல பெயரும், பல இனங்களுக்கு ஒரு பெயருமாக வழங்கிச் சென்றதில் வியப்பில்லை.

மாறாத அடையாளம் ஒன்று பஞ்சின் உள்ளேயே ஒளிந்திருந்தது. பெரும்பாலான பஞ்சுகளின் உடலில் எண்ணிறந்த நுண்ணூசிகள் செறிந்துள்ளன. சிலவற்றில் இவை சுண்ணாம்பாலானவை. பலவற்றிற் கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவாலானவை. பஞ்சுத் துண்டொன்றை நைத்திரிக்கமிலத்திலிட்டால் தசை கரைந்து ஒழியும். அடியில் வெண்பொடியாக எஞ்சுவது சிலிக்கா ஊசிகளே. அப்பொடியைக் கழுவி உலர்த்தி நுணுக்குக்காட்டியில் நோக்கினால், இருமுனையும் கூரியன, ஒருமுனை மழுங்கியன, நங்கூரம் போல்வன, வில் போல்வன, விண்மீன் போல்வன எனப் பலவகை ஊசிகள் தோன்றும். இன்ன பஞ்சுக்கு இன்ன ஊசி என்பது தலைமுறை வழி மாறாமல் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் பவர்பாங்க் என்பார் இவ்வூசிகளை அளந்து, வரைந்து, பெயரிட்டு, பிரித்தானியக் கடற்பஞ்சுகளுக்கு ஒரு பெருநூல் செய்தார். பொற்கொல்லன் உரைகல்லில் மாற்றுப் பார்ப்பதுபோல, அதன் பின் வந்த அறிஞர் எல்லாம் ஊசியைப் பார்த்தே பஞ்சை மதித்தனர்.

இவ்வறிவு இலங்கைக் கடலுக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. மன்னார்க்குடாவில் தோண்டி எடுத்து லிவர்ப்பூல் நகரத்துப் பொருட்காட்சிச்சாலைக்கு அளித்திருந்த பஞ்சுகளையும் பிற உயிர்களையும், முன்னர்ப் பம்பாயிற் படைமருத்துவராயிருந்த கார்ட்டர் என்பவர் ஆராய்ந்து 1880 இல் விவரித்தார். பெருமுயற்சி நடந்தது அதற்குப் பின்னரே. 1891 இன் சலாபத்துக்குப் பின் மன்னார்ப் பார்கள் முத்துச்சிப்பியின்றி வறண்டு கிடந்தன. முத்துக்குளிப்பால் வந்த பெருவருவாய் நின்றுபோகவே, காரணமறிய விரும்பிய அரசாங்கம் லிவர்ப்பூற் பேராசிரியர் ஹேட்மனை அழைத்தது. அவர் 1902 இல் வந்து, ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் உதவியாளருடன் பார்களை ஆராய்ந்தார். வாரியெடுத்த பஞ்சுகள் போத்தல்களில் அடைக்கப்பட்டு, ஆதர் டெண்டி என்னும் அறிஞரிடம் சேர்ந்தன. டெண்டியின் அறிக்கை 1905 இல் வெளிவந்தது. முத்துக்குளிப்பின் வரலாறு என்றால் மன்னரும் குத்தகையும் வரியும் என்றே பாடநூல்கள் பேசும். அந்தப் போத்தல்களுக்கும் அவ்வரலாற்றில் ஒரு வரியேனும் இடந்தருவது முறை.

அவ்வறிக்கையிற் புதிதாகப் பெயர்பெற்ற பஞ்சுகளுள் ஒன்று கிளையோனா மார்கரிட்டிபெரா. கிளையோனா என்னும் சாதியை முதன்முதல் 1826 இல் விவரித்தவர் மேலே சொன்ன கிராண்டே. இச்சாதிப் பஞ்சுகள் சிப்பியோட்டையும் முருகைக்கல்லையும் குடைந்து உள்ளே வாழ்வன. மன்னாரில் முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்த இனத்திற்கு டெண்டி அச்சிப்பியின் பெயரையே சூட்டினார். எலும்போ பல்லோ இல்லாத மென்னுயிர் கல்லைக் குடைவது எங்ஙனம் என்ற வினா அதன் பின்னும் நெடுநாள் விடையின்றி நின்றது. 1973 இல் கிளவுஸ் றூட்ஸ்லர், றீகர் என்னும் இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு அதனை விளக்கினர்: பஞ்சின் சில கலங்கள் சுண்ணாம்பைச் சுற்றிச் சிறிதளவு கரைத்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்தெடுக்க, அச்சில்லுகளை நீரோட்டம் வெளியே தள்ளிவிடுகிறது. தச்சன் உளியாற் கொத்துவது போன்ற வேலை அது. இந்த றூட்ஸ்லரை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். கரிய பஞ்சின் கதையில் அவர் மீண்டும் வருவார்.

அதே 1973 ஆம் ஆண்டில், பசிபிக் சமுத்திரத்தின் குவாம் தீவிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. குவாமின் முருகைகள் முன்னரே நைந்திருந்தன. 1960 களின் இறுதியில் முள்முடி நட்சத்திரமீன் பெருகி அவற்றைத் தின்று தீர்த்திருந்தது. இந்நிலையில் மெல்லிய கரும்படலமொன்று முருகைமேற் படர்வதைப் பிறையன் என்னும் ஆய்வாளர் கண்டார். இறந்த முருகையின்மேல் ஏதேனும் வளர்வது புதுமையன்று. இதுவோ உயிருள்ள முருகையின்மேலேயே ஏறியது. ஏறிய இடமெல்லாம் முருகை இறந்தது. உயிர்முருகையின்மேல் அது மாதமொன்றுக்குச் சராசரி 23 மில்லிமீற்றர் முன்னேறியதாக அவர் அளந்தறிந்தார். ஆண்டுக்கு ஒரு சாணுக்கும் சற்றுமேல். கல்லாய் இறுகி வளரும் முருகைக்கு இது ஓடித் தப்ப முடியாத வேகம்.

பிறையன் அதன் ஊசிகளைக் கொண்டு சாதியை உரைத்தார். ஒருமுனை கூராகவும் மறுமுனை தலையாகவும் அமைந்து, குண்டூசியை ஒத்த ஊசிகள் இதில் இருந்தன. வேறு வகை ஊசி எதுவும் இல்லை. இவ்வியல்பு சுபரிட்டிடே என்னும் குடும்பத்தைச் சுட்டும். அக்குடும்பத்தில் டெர்ப்பியோஸ் என்னும் சாதி, கரீபியன் கடற் பஞ்சுகளை ஆராய்ந்த இருவரால் 1864 இல் வகுக்கப்பட்டது. சாதியை உரைத்தாயினும் இனத்தை உரைக்க இயலவில்லை. டெர்ப்பியோஸ் சாதியில் ஓரினம் என்ற அளவிலேயே அது நின்றது. ஊரும் குலமும் அறிந்து, பெயர் அறியாத வழிப்போக்கனைப்போல அது இருபது ஆண்டுகள் அறிவியல் நூல்களில் உலாவியது.

பெயரில்லாமை சிறு குறையன்று. குவாமில் ஒருவர் கண்ட கரும்படலமும், ஜப்பானின் தென்தீவுகளிற் பிறிதொருவர் கண்ட கரும்படலமும் ஒன்றா வேறா என்று கூற வழியில்லை. அக்காலத்தில் முருகையை மூடும் வேறொரு கருமையும் பேசப்பட்டு வந்தது. 1970 களின் தொடக்கத்தில் கரீபியன் கடலில் அன்டோனியஸ் என்பவர் கண்டறிந்த கரும்பட்டை நோய் அது. அந்நோயில் நீலப்பச்சை அல்கா முதலிய நுண்ணுயிர்கள் ஒரு பட்டையாகத் திரண்டு, முருகையின் தசையை அழித்துக்கொண்டு நகரும். அது கடந்துபோன இடத்தில் வெண்கல் தெரியும். டெர்ப்பியோஸோ கடந்துபோவதில்லை, பிடித்த இடத்தை விடாமல் முழுவதையும் போர்த்துக்கொள்ளும். தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் கருமையே. ஒன்று நோய், மற்றது இடத்துக்காகப் போரிடும் விலங்கு. நோய் என்று எண்ணியவர் கிருமியையும் தொற்றையும் தேடுவர். விலங்கு என்று அறிந்தவர் அதன் குஞ்சு எங்குப் போகிறது, அதற்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று தேடுவர். தேடும் திசையே மாறிவிடும்.

1980 களில் ஓக்கினாவாவை உள்ளிட்ட றியூக்கியூத் தீவுகளின் முருகைகளை ஆராய்ந்தவர் கதறின் மியூசிக் என்னும் அமெரிக்க அறிஞர். அங்கும் கரும்படலம் பரந்து கிடந்தது. அவரும், வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கடற்பஞ்சு அறிஞரான றூட்ஸ்லரும் சேர்ந்து அதனை முறைப்படி ஆராய்ந்தனர். 1993 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதற்கு டெர்ப்பியோஸ் ஹோஷினோட்டா என்னும் பெயரைச் சூட்டியது. ஜப்பானியக் கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஹோஷினோவின் நினைவாக அமைந்த பெயர் அது. உயிரினத்திற்குப் புதுப்பெயரிடுவோர் மாதிரிப்பொருள் ஒன்றைப் பொருட்காட்சிச்சாலையில் வைப்பிலிடவேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், ஓலைச்சுவடியின் மூலப்படியை நோக்குவதுபோல அதனை எடுத்து நோக்கலாம்.

இனத்தை இனங்காட்டிய அடையாளங்கள் எவை? முதலாவது ஊசியின் தலை. குண்டூசிக்குரிய உருண்டைத் தலைக்குப் பதிலாக, இதன் ஊசித்தலை நான்கு மடல்களாகப் பிளவுண்டு, கிராம்பின் மொட்டுப்போல் தோன்றும். ஊசியின் முழுநீளமே ஒரு மில்லிமீற்றரின் கால்பங்கு அளவினது என்றால், தலையின் நுண்மையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். படலத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. வெளியேறும் நீரைக் கொண்டுசெல்லும் கால்கள் ஒரு துளையை நோக்கி நாற்புறமிருந்தும் வந்து கூடுவதால், மேற்பரப்பில் விண்மீன் கோலம் வரைந்ததுபோல் இருக்கும். நிறம் சாம்பலும் கருமையும் கபிலமும் கலந்தது.

அக்கருமை பஞ்சுக்குச் சொந்தமானதன்று என்பதே இக்கண்டுபிடிப்பின் சுவையான பகுதி. அதன் உடலினுள்ளே நீலப்பச்சை அல்காக்கள் குடியிருக்கின்றன. உடலின் பருமனில் பாதியோ அதனினும் மிகுதியோ அவையே. சயனோபற்றீரியா என்றும் அவற்றைச் சொல்வர். முருகையும் ஒளியில் உணவாக்கும் குடிகளை வைத்து வாழ்வது; அதனைக் கொல்லும் பஞ்சும் அவ்வாறே வாழ்வது. இரண்டுக்கும் வேண்டியது வெயில்படும் இடம். ஒரே காணிக்கு இருவர் வழக்காடும் நிலை இது. முருகையை எதிர்ப்படும்போது பஞ்சின் விளிம்பு உருமாறி வலுப்பெறுவதைத் தாய்வான் அறிஞர் பின்னாளில் விளக்கினர். அதன் குஞ்சுகள் தாயுடலை விட்டுப் புறப்படும்போதே அல்காவையும் சுமந்து செல்கின்றன என்பதும் தெரியவந்தது.

தாய்வானுக்குக் கிழக்கேயுள்ள பசுமைத்தீவில் முருகைகள் கறுத்து மாண்டபோது, அங்குள்ளோர் அதனைக் கருநோய் என்றனர். அது டெர்ப்பியோஸ் ஹோஷினோட்டாவின் பெருக்கமே என்று 2007 இல் ஆய்வாளர் எழுதினர். 1993 இன் பெயரும் விவரணமும் இல்லாதிருந்தால் இம்முடிவு இவ்வளவு எளிதாயிராது. பின்னர் அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2011 இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புக் கற்பாரில். 2015 இல் மாலைதீவில். அதே 2015 இல் இந்தியக் கரையோரத்துப் பாக்குக்குடாவில்.

இவ்வறிக்கைகளை அடுக்கிவைத்து நோக்குவோர், பசிபிக்கிற் பிறந்த பகை மேற்கு நோக்கிப் படையெடுத்து வருகிறது என்று உடனே கூறிவிடக்கூடும். அவ்வாறு இருக்கவுங் கூடும். ஆனால் வரலாறு கற்போர் இன்னொன்றையும் எண்ணவேண்டும். பெயரும் படமும் அளவும் அச்சேறிய பின்னரே மற்றக் கடல்களில் உள்ளோர் இதனை அறிந்து தேடத் தொடங்கினர். அதற்குமுன் இதே படலத்தைக் கண்டவர் அழுக்கென்றோ நோயென்றோ விட்டிருக்கலாம். முதற்பதிவு பிடித்த ஆண்டு, உயிர் வந்து சேர்ந்த ஆண்டாகாது. முன்பு பெருகிய ஜப்பானியத் தீவுகள் சிலவற்றில் இப்பஞ்சு பிற்காலத்தில் அருகிப்போனதும் உண்டு. பெருக்கமும் ஒடுக்கமும் உடைய உயிரைப்பற்றி ஒரு முறை பார்த்துத் தீர்ப்பெழுதுவது அவசரமாகும். மன்னார்க்குடாவுக்கு டெண்டியின் 1905 அறிக்கை என்னும் பழங்கணக்கு ஒன்று இருப்பதன் பயன் இத்தகைய வேளையிற் புலப்படும். பல கடல்களுக்கு அத்தகைய கணக்கே இல்லை.

இனத்தின் பெயர் நிலைத்ததே ஒழிய, அதன் மேல்வகுப்பு நிலைக்கவில்லை. பஞ்சின் பரம்பரையலகுகளைப் படித்து உறவறியும் முறை வந்தபின், ஊசியை மட்டும் நம்பிக் கட்டிய பல வருணங்கள் குலைந்தன. டெர்ப்பியோஸை நெடுங்காலம் ஹட்ரோமெரிடா என்னும் வருணத்தில் வைத்திருந்தனர். 2015 இல் வெளிவந்த திருத்தத்தின்படி அது சுபரிட்டிடா என்னும் வருணத்தைச் சேர்ந்தது. உள்ளிருக்கும் அல்காவின் அடையாளமும் மாறியது. முதலில் உருவை மட்டும் நோக்கி ஒரு பெயர் கூறினர். பின்னர் அது கடற்பீச்சிகளின் உடலில் வாழும் புறோக்குளோரன் என்பதற்கு உறவினது என்று கண்டு, 2021 இல் அதற்குத் தனிப்பெயர் முன்மொழிந்தனர். ஊசி பொய்த்தது என்று சிலர் சொல்லத் துணிகின்றனர். அது மிகை. கடலடியில் எடுத்த துண்டொன்று இன்ன இனம் என்று முதலில் உரைப்பது இன்றும் ஊசியே. உறவின் கிளைகளை வரைவதற்கே புதிய முறை வேண்டப்படுகிறது.

பாக்குக்குடாவின் ஒரு கரை இராமேசுவரமும் மண்டபமுமாயின், மறுகரை மன்னாரும் யாழ்ப்பாணத் தீவுகளுமாகும். நெடுந்தீவு முதலிய தீவுகளைச் சூழ உயிர்முருகை உண்டு. 1998 இன் கடல்வெப்பத்தால் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள கற்பாரிலும் ஹிக்கடுவையிலும் முருகை வெளிறிப் பெரிதும் அழிந்ததை அறிந்தோர்க்கு, எஞ்சியதன் அருமை தெரியும். இக்கடலிற் சுழியோடுவோர் முருகைமேற் கரிய படலமொன்றைக் கண்டால், அதனைச் சுரண்டி நீரிற் பரப்பிவிடுதல் தகாது. பஞ்சைத் துகிலில் வடித்துக் கலங்களாகப் பிரித்தபின்னும், அக்கலங்கள் மீண்டும் கூடிப் பஞ்சாவதை அமெரிக்க அறிஞர் வில்சன் 1907 இலேயே காட்டியுள்ளார். கண்ட இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, படலம் ஒட்டிய முருகைத் துணுக்கொன்றை மதுசாரத்தில் இட்டு, விலங்கியல் கற்பிக்கும் பல்கலைக்கழகமொன்றில் ஒப்படைத்தாற் போதும். அமிலமும் நுணுக்குக்காட்டியும் அங்கு உண்டு. ஊசியின் தலை உருண்டையா, நான்கு மடலா என்பதை அன்றே பார்த்துவிடலாம்.